வெயிலுக்குக் குறைவில்லை, சூடுதான் கசிகிறது

மலேசியாவில் டெரஸ் வீடுகள் நிறைந்த தாமான் ஒன்றில் கூரைகளை அண்ணாந்து பார்த்தால் இரண்டு வகைப் பலகைகள் கண்ணில் படும். ஒன்று, சூரிய ஒளியை மின்சாரமாக்கும் மின்தகடு. மற்றொன்று, தலைமாட்டில் உருளைத் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு சாய்ந்து கிடக்கும் கண்ணாடிப் பெட்டி. அது மின்சாரம் தருவதில்லை, வெந்நீர் தருகிறது. அதன் பெயர் சூரிய வெப்ப ஏற்பி.

பள்ளித் திட்டப்பணிகளிலும் அறிவியல் கண்காட்சிகளிலும் பெரும்பாலும் மின்தகட்டுக்கே இடம் கிடைக்கிறது. ஆனால் உலகம் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி வெப்பமாகவே செலவாகிறது. குளிக்க வெந்நீர், சமையல், ஆலைகளில் உலர்த்துதல், சாயமிடுதல், கிருமி நீக்கம் என எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். நம் குளியலறையில் உள்ள 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டரும் இந்தக் கணக்கில் சேரும். அதற்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியையும் இயற்கை எரிவாயுவையும் எரித்துக் கிடைப்பது.

இன்று விற்பனையாகும் நல்ல மின்தகடு, தன்மேல் விழும் சூரிய ஆற்றலில் 20 முதல் 22 விழுக்காட்டை மின்சாரமாக்குகிறது. வெப்ப ஏற்பியோ பாதிக்கு மேல் சூடாக்கித் தரும். அப்படியானால் வெற்றி அதற்குத்தானே என்று தோன்றும். ஆனால் மின்தகட்டுக்கு இப்போது ஒரு துணை வந்துவிட்டது. வெப்ப விசையியக்கி என்னும் கருவி, ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்து ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தைத் தண்ணீருக்குத் தரும். 20 விழுக்காட்டை மூன்றால் பெருக்கினால் 60 விழுக்காடு. அதாவது, வெப்ப ஏற்பியின் சாதனையை மின்தகடும் எட்டிவிட்டது.

கூரையின் பரப்பு ஒன்றுதான். அதில் எதை வைப்பது என்ற போட்டியில், எளிமையான, விலை குறைந்த வெப்ப ஏற்பி நிலைத்து நிற்க வேண்டுமானால் அதன் செயல்திறன் உயர வேண்டும். அதற்குச் சூரியனிடம் கூடுதலாக எதையும் கேட்க வேண்டியதில்லை. உள்ளே வந்த சூடு எந்த வழியாகக் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்தாலே போதும்.

எவ்வளவு சூடு தேவை?

முதலில் ஒரு சிறு கணக்கு. படிவம் 4 இயற்பியலில் தன்வெப்பக் கொள்ளளவு பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு குடும்பத்துக்கான 200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 25,200 கிலோஜூல் தேவை. மின்கட்டண மொழியில் சொன்னால் 7 யூனிட்.

நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரியாக நாளொன்றுக்கு நாலரை முதல் 5 யூனிட் அளவு சூரிய ஆற்றல் விழுகிறது. ஏற்பியின் செயல்திறன் 50 விழுக்காடு என்றால் 3 சதுர மீட்டர் போதும். 40 விழுக்காடாகக் குறைந்தால் ஏறக்குறைய 3.7 சதுர மீட்டர் வேண்டும். கூடுதல் கண்ணாடி, கூடுதல் செம்பு, கூடுதல் எடை, கூடுதல் விலை. செயல்திறனில் பத்து விழுக்காடு என்பது வெறும் ஆய்வக எண் அல்ல, வீட்டுக்காரரின் பையிலிருந்து போகும் பணம்.

கண்ணாடியில் தொடங்கும் இழப்பு

தட்டை ஏற்பியின் அமைப்பு எளிமையானது. மேலே கண்ணாடி, அதன் கீழே கருப்புத் தகடு, தகட்டோடு ஒட்டிய குழாய்கள், அடியிலும் பக்கங்களிலும் வெப்பம் கடத்தாத காப்புப் பொருள். இந்த யோசனைக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். 1767இல் ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர், கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்து, அதன் உள்ளே தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிய வெப்பநிலையை அளந்தார்.

கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது, ஆனால் சூடான தகடு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடுவதில்லை. காற்று வீசித் தகட்டைக் குளிரச் செய்வதையும் தடுக்கிறது. ஆயினும் அந்தக் கண்ணாடியே ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. வீட்டு ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் விளிம்பை உற்றுப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சைக்குக் காரணம் கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு. அது சூரிய ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது. இரும்பு குறைந்த கண்ணாடி ஏறத்தாழ 90 விழுக்காடு ஒளியைக் கடத்தும். மிச்சத்தில் பெரும்பகுதி, கண்ணாடியின் இரு முகங்களிலும் ஏறக்குறைய 4 விழுக்காடு வீதம் எதிரொளித்துப் போவது. எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சு பூசினால் அதையும் வெகுவாகக் குறைக்கலாம்.

கருப்பு மட்டும் போதாது

தகடு கருப்பாக இருந்தால் ஒளியை நன்றாக ஏற்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இயற்பியலில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாக ஏற்கும் பொருள் அதே அலைநீளத்தில் நன்றாக வெளியிடவும் செய்யும். சாதாரணக் கருப்புச் சாயம் வெயிலில் 95 விழுக்காட்டை ஏற்கிறது, சூடானதும் அதே தாராளத்தோடு அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே தள்ளுகிறது.

இங்கேதான் வழி திறந்தது. சூரிய ஒளியின் பெரும்பகுதி 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரையிலான குறுகிய அலைநீளத்தில் வருகிறது. 60 டிகிரியில் இருக்கும் தகடோ 9 மைக்ரோமீட்டரை ஒட்டிய நீண்ட அலைநீளத்தில்தான் அதிகம் வெளியிடுகிறது. இரண்டும் வேறு வேறு. எனவே குறுகிய அலைக்குக் கருப்பாகவும் நீண்ட அலைக்கு ஆடி போலவும் நடந்துகொள்ளும் மேற்பரப்பு இருந்தால் ஏற்பு மிஞ்சும், இழப்பு குறையும். இஸ்ரேலில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹேரி டேபர் 1955இல் இத்தகைய தேர்வுப் பூச்சை உலகுக்குக் காட்டினார். பளபளக்கும் உலோகத்தின் மேல் மிக மெல்லிய கரும் படலம் என்பதே அதன் சாரம்.

பலன் எவ்வளவு? 60 டிகிரித் தகடு, 32 டிகிரிச் சுற்றுப்புறத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் கருப்புச் சாயம் பூசியிருந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 185 வாட் கதிர்வீச்சாகவே போய்விடும். 5 விழுக்காடு மட்டும் வெளியிடும் தேர்வுப் பூச்சு என்றால் இழப்பு 10 வாட்தான். நடுவில் கண்ணாடி இருப்பதால் உண்மை ஏற்பியில் இரு எண்களும் குறையும், ஆனால் வேறுபாட்டின் அளவு புரிகிறது. இன்று தரமான ஏற்பிகள் எல்லாவற்றிலும் இத்தகைய பூச்சு உண்டு. நீலச் சாயலோடு மின்னும் கருப்பு அதன் அடையாளம்.

தகட்டிலிருந்து தண்ணீருக்கு

தகடு பிடித்த சூட்டைத் தண்ணீர் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். தாமதமானால் தகடு மேலும் சூடேறும், சூடேறினால் மேலும் இழக்கும். அதனால்தான் தகட்டின் பொருளும் குழாய்களுக்கு இடையிலான தூரமும் முக்கியம். செம்பின் வெப்பக் கடத்துதிறன் சராசரி எஃகைப் போல ஏழெட்டு மடங்கு. அலுமினியம் இரண்டுக்கும் நடுவில். குழாயும் தகடும் சேரும் இடத்தில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் சூடு தயங்கி நிற்கும். லேசர் கொண்டு நீளவாக்கில் பற்றவைப்பது இதற்காகத்தான்.

அடியில் உள்ள காப்புப் பொருளையும் மறக்கக்கூடாது. உலர்ந்த பாறைக் கம்பளியைவிடத் தண்ணீர் 15 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். பெட்டியின் ரப்பர் விளிம்பு வெடித்து மழைநீர் உள்ளே இறங்கினால் காப்பு, காப்பாக இராது. கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்தது போல நீர்த்துளிகள் நாள் முழுக்க நிற்கின்றனவா? அந்த ஏற்பிக்குப் பழுது பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

வெற்றிடக் குழாய் எப்போதும் வெல்லுமா?

சூடு கசியாமல் இருக்க மிகச் சிறந்த காப்பு வெற்றிடம். சுடுநீர்க் குடுவையில் நாம் பார்ப்பதே. இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாயின் நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, உட்குழாயின் மேல் தேர்வுப் பூச்சு பூசினால் வெற்றிடக் குழாய் ஏற்பி தயார். குழாயின் நுனியில் வெள்ளி போல் மின்னும் பகுதி பேரியப் படலம். அது வெளுத்துப் போனால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள்.

கடைக்காரர்கள் இதையே மிக உயர்ந்தது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான அளவுகளை ஒட்டி எடுத்துக்கொள்வோம். தட்டை ஏற்பி, வெப்ப இழப்பே இல்லாத நிலையில் 75 விழுக்காடு ஆற்றலைப் பிடிக்கும். ஆனால் காற்றைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும்போதெல்லாம் சதுர மீட்டருக்கு 4 வாட் இழக்கும். வெற்றிடக் குழாய் உருண்டையாகவும் இடைவெளியோடும் இருப்பதால் 65 விழுக்காட்டிலேயே தொடங்கும். ஆனால் இழப்பு டிகிரிக்கு ஒன்றரை வாட் மட்டுமே.

தண்ணீர் 55 டிகிரி, காற்று 32 டிகிரி. வேறுபாடு 23.

நல்ல வெயிலில், அதாவது சதுர மீட்டருக்கு 800 வாட் விழும்போது, தட்டை ஏற்பி 92 வாட் இழக்கிறது. மிச்சச் செயல்திறன் 63.5 விழுக்காடு. வெற்றிடக் குழாய்க்கு 60.7 விழுக்காடு. தட்டை ஏற்பியே முந்துகிறது.

மேகம் மூடி 300 வாட் மட்டும் விழும்போது தட்டை ஏற்பி 44.3 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெற்றிடக் குழாய் 53.5 விழுக்காட்டில் நிற்கிறது.

ஒரே கருவிகள், ஒரே நாள், மேகம் வந்ததும் முடிவு மாறிவிட்டது. செயல்திறன் என்பது பெட்டியின் மேல் அச்சடித்த ஒற்றை எண் அல்ல என்பதைத்தான் இது காட்டுகிறது. எவ்வளவு சூடு கேட்கிறோம், வெளியே எவ்வளவு சூடு இருக்கிறது, வெயில் எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. குளிர்காலத்தில் காற்று உறைநிலையில் இருக்கும் ஐரோப்பிய நகரம் ஒன்றில், 500 வாட் வெயிலில், அதே தட்டை ஏற்பி 31 விழுக்காடுதான் தரும். அங்கே எழுதப்பட்ட விளம்பரத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. புழுக்கம் என்று நாம் அலுத்துக்கொள்ளும் காற்றே இங்கு ஏற்பிக்கு நண்பன்.

ஆடிகளைக் கொண்டு ஒளியைக் குவிக்கும் முறை பாலைவனங்களில் சிறப்பாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு நேர்க்கதிர் வேண்டும். நம் வானத்தில் வரும் ஒளியில் ஏறத்தாழ பாதி, மேகத்தில் பட்டுச் சிதறி எல்லாத் திசையிலிருந்தும் வருவது. அதைக் குவிக்க முடியாது. இங்கே தட்டை ஏற்பியும் வெற்றிடக் குழாயும்தான் பொருந்தும்.

செலவில்லாத முன்னேற்றம்

கருவியை மாற்றாமலே செயல்திறனைக் கூட்டும் வழிகள் உண்டு. அவற்றில் முதன்மையானது தொட்டியைச் சரியாகப் பயன்படுத்துவது.

1891இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை பெற்ற சூரிய நீர் சூடாக்கியில் தொட்டியும் ஏற்பியும் ஒன்றே. பகலில் சூடான தண்ணீர் இரவில் ஆறிவிடும். 1909இல் வில்லியம் பெய்லி இரண்டையும் பிரித்து, தொட்டியைக் காப்புப் போர்த்தி மேலே வைத்தார். சூடான நீர் இலேசாகி மேலே ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்க, பம்பு இல்லாமலே சுழற்சி நடக்கிறது. நம் கூரைகளில் பார்ப்பது இன்றும் அந்த அமைப்புதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழைநாளுக்கென்று தொட்டிக்குள் ஒரு மின்கம்பியும் வைத்திருப்பார்கள். அதை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் என்ன ஆகும்? காலை 9 மணி, வெயில் 500 வாட், காற்று 28 டிகிரி என்று கொள்வோம். ஏற்பிக்குள் 28 டிகிரித் தண்ணீர் வந்தால் அதன் செயல்திறன் 75 விழுக்காடு. மின்சாரம் ஏற்கெனவே 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த தண்ணீர் வந்தால் 49 விழுக்காடு. வெயில் வருவதற்கு முன்பே அதன் வேலையை மின்சாரத்துக்குக் கொடுத்துவிட்டோம். சூரியன் மறைந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் மின்கம்பி இயங்கும்படி ஒரு டைமர் பொருத்தினால் போதும்.

அதற்காகத் தண்ணீரை வெதுவெதுப்பாகவே தேக்கி வைக்கலாம் என்று எண்ணிவிடக்கூடாது. லீஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வெதுவெதுப்பான தேங்கு நீரில் பெருகும். தேக்கி வைக்கும் வெந்நீரை 60 டிகிரியளவில் வைக்கச் சொல்வது அதனால்தான். தொட்டியின் மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி குளிர்ச்சியாகவும் அடுக்கடுக்காக இருக்கும்படி வடிவமைப்பதே இதற்கு விடை. மேலடுக்கிலிருந்து நாம் எடுக்கிறோம், கீழடுக்கிலிருந்து ஏற்பி எடுக்கிறது.

அடுத்தது பொருத்தும் விதம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே, சிங்கப்பூர் ஒன்றரை டிகிரிக்கும் குறைவு. சூரியன் ஆண்டில் பாதி வடக்குப் பக்கமும் பாதி தெற்குப் பக்கமும் நகர்கிறது. ஆகவே செங்குத்தான சாய்வு தேவையில்லை. ஆனால் படுக்கையாகவும் வைக்கக்கூடாது. 10 முதல் 15 டிகிரி சாய்வு இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும், இயற்கைச் சுழற்சியும் தடைபடாது. பிற்பகல்தோறும் இடிமழை கொட்டும் ஊர் என்றால் காலை வெயிலைப் பிடிக்கும் கிழக்குச் சரிவு நல்லது.

இங்கேயே நடக்கும் ஆய்வு

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகத்தில் பேராசிரியர் கமாருசமான் சோப்பியான் குழுவினர் காற்றைச் சூடாக்கும் இருவழி ஏற்பிகளை நீண்ட காலம் ஆராய்ந்துள்ளனர். காற்று முதலில் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையே சென்று, பின்னர் தகட்டின் அடியில் திரும்பி வருகிறது. கண்ணாடி வழியே கசியவிருந்த சூட்டை முதல் நடையிலேயே அள்ளிக்கொள்ளும் உத்தி இது. கடற்பாசி, மிளகாய் போன்றவற்றை உலர்த்த இத்தகைய ஏற்பிகள் சோதிக்கப்பட்டுள்ளன.

மின்தகட்டின் பின்னால் குழாய் பொருத்தி, மின்சாரமும் வெந்நீரும் சேர்த்துப் பெறும் கலப்பு ஏற்பி அக்குழுவின் மற்றொரு துறை. மின்தகடு ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் அதன் மின் உற்பத்தி 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் இலாபம். கூரைக்கான போட்டிக்கு இது ஒரு சமரசத் தீர்வும்கூட.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சன்வே பல்கலைக்கழகத்திலும் நானோ திரவங்கள் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. தண்ணீரில் அலுமினிய ஆக்சைடு, கிராஃபீன் போன்ற நுண்துகள்களைக் கலந்தால் வெப்பம் விரைவாகக் கடத்தப்படுகிறது. ஆனால் துகள்கள் நாளடைவில் அடியில் படியும், திரவம் தடித்துப் பம்புக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும், விலையும் அதிகம். ஆய்வகத்திலிருந்து கூரைக்கு வர இன்னும் தாண்ட வேண்டிய படிகள் இவை. வேதியியல், பொருளறிவியல் படிப்போருக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்திலுள்ள யுனைடெட் வோர்ல்ட் கல்லூரி வளாகத்தின் கூரைகளில் ஏறத்தாழ 3,900 சதுர மீட்டர் வெப்ப ஏற்பிகள் 2011இல் நிறுவப்பட்டன. அந்தச் சூடு வெந்நீருக்கு மட்டுமன்றி, உறிஞ்சு வகைக் குளிரூட்டியை இயக்கி வகுப்பறைகளைக் குளிர்விக்கவும் பயன்படும்படி அமைக்கப்பட்டது. வெயில் கடுமையாகும்போது குளிரூட்டும் தேவையும் கூடுகிறது. தேவையும் வரவும் ஒரே நேரத்தில் வருவது ஆற்றல் துறையில் அரிது. ஆனால் அத்தகைய குளிரூட்டிக்கு 80 டிகிரியை ஒட்டிய தண்ணீர் வேண்டும். அவ்வளவு சூட்டில் கசிவும் பெருகும். ஆகவே ஒவ்வொரு வாட் இழப்பையும் தடுப்பது அங்கே இன்னும் முக்கியமாகிறது.

நீங்களே அளந்து பார்க்கலாம்

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. 20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு தட்டுகளின் உட்புறத்தில் கருப்புச் சாயம் பூசி உலர விடுங்கள். இரண்டிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி, அடியில் பழைய செய்தித்தாள்களை அடுக்குங்கள். மற்றொன்றை அப்படியே விடுங்கள். நண்பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடிய தட்டின் தண்ணீர் 20 டிகிரி உயர்ந்ததாக வைத்துக்கொண்டால், அது பெற்ற வெப்பம் 42,000 ஜூல். வெயில் சதுர மீட்டருக்கு 700 வாட் என்று கொண்டால் ஒரு மணி நேரத்தில் தட்டில் விழுந்த ஆற்றல் 1,51,200 ஜூல். செயல்திறன் 28 விழுக்காடு. மிச்சம் 72 விழுக்காடு எங்கே போனது என்பதே அடுத்த கேள்வி. செய்தித்தாளை எடுத்துவிட்டு ஒருமுறை, பிளாஸ்டிக்கை இரட்டையாக்கி ஒருமுறை, காற்று வீசும் இடத்தில் ஒருமுறை என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

வரைபடத்தில் நேரத்துக்கு எதிராக வெப்பநிலையைக் குறித்தால் கோடு முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு மெல்ல வளைந்து படுப்பதைக் காண்பீர்கள். தண்ணீர் சூடேறச் சூடேற இழப்பும் வளர்ந்து, வரவுக்குச் சமமாக நெருங்குகிறது. அந்த வளைவு எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறதோ அந்த அளவுக்கு உங்கள் ஏற்பி சிறந்தது. அதை இன்னும் சற்று மேலே தள்ளுவதுதான் இத்துறைப் பொறியாளர்களின் அன்றாட வேலை.